சர்க்யூட்டில் கோளாறு

இடிந்த கட்டடத்தின் அடியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. இன்ஜினியர், புதைந்தவர்களின் குரலைக் கேட்கத் தான் செய்த கருவியை மூன்றாவது முறையாகப் பிரித்தார்.

“சென்சார் காயிலோட இம்பிடன்ஸ், அதான் மின் எதிர்ப்பு, ரொம்பக் கம்மி சார். ஆம்ப்ளிஃபையரோட இன்புட் இம்பிடன்ஸும் அதுக்குத் தக்க குறையணும். இல்லன்னா சின்ன முனகல் வழியிலேயே தொலைஞ்சுடும்.”

“ரெண்டு நாளா இதையேதான் சொல்றீங்க. புல்டோசரை இறக்கட்டுமா?” என்றார் மீட்புப்படை அதிகாரி.

“ஐயோ, வேணாம்! என் டிசைன்லதான் தப்பு.”

டிரான்சிஸ்டரை மாற்றிப் பற்றவைத்துவிட்டு, இன்னும் ஈயக்கம்பி எடுத்துவர வண்டிக்கு ஓடினார்.

அதிகாரி ஹெட்ஃபோனை மாட்டினார். இடிபாடுகளின் ஆழத்தில் தண்ணீர் சொட்டுவதுகூடத் துல்லியமாகக் கேட்டது.

“கருவி நல்லாத்தானேம்மா இருக்கு?” என்று இன்ஜினியருடன் வேலை செய்யும் பெண்ணிடம் கேட்டார்.

அவள் தலை குனிந்தாள்.

“முதல்ல செஞ்சதே நல்லாத்தான் இருந்துச்சு சார். உள்ள இருக்கிறது அவரோட பொண்ணு.”