கண் வீக்கத்துக்கு வெண்ணெய் கேக்

"எழுதிக்குங்க எல்க்கே. கண்ணு வீங்கி, புருவத்துல மூணு தையல். எனக்கு நஷ்டஈடு வேணும். அடிச்சது இதோ, இவங்கதான்."

ஹைனர் கைகாட்டிய இடத்தில் அவருடைய சொந்த அக்கா ரோஸ்விதா, மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். நஷ்டஈடு கேட்கிற தம்பிக்கு வயது அறுபத்தெட்டு. அடித்த அக்காவுக்கு எழுபத்தொன்று.

எல்க்கே அந்த ஊரின் சமரச அலுவலர். சம்பளம் கிடையாது, சொந்த வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் அலுவலகம். ஊரில் சின்ன அடிதடி எதுவானாலும் அந்த மேசையைத் தாண்டித்தான் கோர்ட்டுக்குப் போக முடியும். அழைப்புக் கடிதம் வந்தால் வந்தே ஆக வேண்டும், வராவிட்டால் அபராதம்.

"இங்க பேசித் தீரலைன்னா, சமரசம் ஆகலைன்னு சீட்டு எழுதிக் குடுத்துடுவேன். அப்புறம் கோர்ட்டு, வக்கீல்னு போயிடும். அதுக்கு மேல நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர் சாவுக்கு ஒருத்தர்கூடப் போக மாட்டீங்க" என்றார் எல்க்கே.

"இப்ப மட்டும் என்ன வாழுதாம்?" என்றார் ரோஸ்விதா, சுவரைப் பார்த்து.

அதுவும் சரிதான். ஒரே தெருவின் இரண்டு முனைகளில் இருவருக்கும் வீடு. ஹைனரின் மனைவி இறந்து மூன்று வருடம். ரோஸ்விதா கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லை. இருவரும் பேசிப் பதினோரு வருடம் ஆகிறது. அம்மாவின் சாவுக்கு வந்தவர்களுக்குக் காபியோடு கொடுக்க ரோஸ்விதா இரண்டு நாள் நின்று வெண்ணெய் கேக் சுட்டு வைத்திருந்தார். ஹைனர் கேட்காமல் கொள்ளாமல் பேக்கரியிலிருந்து ஆறு தட்டு கொண்டுவந்து இறக்கிவிட்டார். அன்றைக்கு மூடிய வாய் மூடியதுதான். அதற்குப் பிறகு தம்பி அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்தெல்லாம் பிரிக்காமலே திரும்பி வந்தன.

"எங்க, எப்ப நடந்துச்சு?" என்று கேட்டு, பேனாவைத் திறந்தார் எல்க்கே.

"போன மாசம் பதினாலாந்தேதி, சனிக்கிழமை, சாயங்காலம் நாலு மணி. கல்லறைத் தோட்டத்துல அம்மா சமாதிப் பூச்செடிக்குத் தண்ணி ஊத்திட்டிருந்தேன். பின்னாலேர்ந்து வந்து கைப்பையால ஓங்கி ஒண்ணு விட்டாங்க. பழுப்புக் கலர் கைப்பை."

எல்க்கேயின் பேனா நின்றது. "சனிக்கிழமையா? பதினாலாந்தேதி?"

"ஆமா."

"பாத்தவங்க யாராவது?"

"செத்தவங்கதான் இருந்தாங்க."

எல்க்கே மூக்குக்கண்ணாடியை இறக்கித் தன் பள்ளித் தோழியைப் பார்த்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லு ரோஸ்விதா. நீ அடிச்சியா?"

ரோஸ்விதா முதல் தடவையாகத் தம்பியின் பக்கம் திரும்பினார். புருவத்துத் தழும்பைப் பார்த்தார். சட்டையில் பொத்தான் அறுந்து, ஊசி குத்தியிருந்த இடத்தையும் பார்த்தார்.

"அடிச்சேன்" என்றார். "ஆனா பழுப்புப் பை இல்ல, கறுப்பு. பழுப்பைத் தூக்கிப் போட்டு ஆறு வருஷமாச்சு. எழுதுறதைச் சரியா எழுது."

ஹைனர் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். அடித்தவரே இவ்வளவு விவரமாக ஒப்புக்கொண்டால் அடிபட்டவர் பாவம், என்ன பேசுவார்?

"எந்தக் கையால?" என்றார் எல்க்கே, விடாமல்.

"ரெண்டு கையாலயும். கனமான பை."

"சரி ஹைனர், என்ன நஷ்டஈடு கேக்குறீங்க?"

ஹைனர் மடித்து வைத்திருந்த தாளை எடுத்துப் பிரித்தார். "ஒரு வருஷத்துக்கு, ஞாயித்துக்கிழமை தவறாம, மத்தியானம் மூணு மணிக்கு ஒரு தட்டு வெண்ணெய் கேக். அவங்க கையால சுட்டதா இருக்கணும். அவங்களே கொண்டு வரணும், யார்கிட்டயாவது குடுத்து அனுப்பினா செல்லாது. வச்சுட்டு ஓடக் கூடாது. உக்காந்து, சேந்து சாப்பிடணும்."

"ஏன், பேக்கரியில தீந்து போச்சாமா?" என்றார் ரோஸ்விதா.

"அது மரத்தூள் மாதிரி இருந்துச்சுக்கா." ஹைனர் தாளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "மொத வாயிலயே தெரிஞ்சுபோச்சு. சொல்லத்தான் வாய் வரல."

ரோஸ்விதா கைக்குட்டையைத் தேடினார். கறுப்புப் பையில் அது சீக்கிரம் அகப்படவில்லை.

"எனக்கு முட்டி வலி" என்றார் கடைசியில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "தட்டைத் தூக்கிட்டுத் தெருக்கோடி வரைக்கும் நடக்க முடியாது. கார்ல வந்து கூட்டிட்டுப் போகணும். பாத்திரம் அவன்தான் கழுவணும். அதையும் எழுது."

எல்க்கே எழுதினார். தேதி, நேரம், கறுப்புக் கைப்பை, ஐம்பத்திரண்டு ஞாயிற்றுக்கிழமை. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். முத்திரையும் குத்தியாயிற்று.

வாசலில் ஹைனர் கார் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். ஏறப்போன அக்கா நின்று, தம்பியின் புருவத்தை விரலால் தடவினார். "அந்தக் கோழிக் கூண்டுக் கதவை இன்னும் உசத்திக் கட்டலையாடா நீ? சின்ன வயசுலேர்ந்து அதுலதானே போய் இடிச்சுக்கிறே!"

திறந்த ஜன்னல் வழியே அது எல்க்கேயின் காதில் நன்றாகவே விழுந்தது. அவர் சிரித்துக்கொண்டே முத்திரையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். பதினாறு வருடப் பதவியில், பொய் என்று தெரிந்தே அவர் எழுதிய முதல் ஒப்பந்தம் அதுதான். அந்தச் சனிக்கிழமை நாலு மணிக்கு ரோஸ்விதா, மகளிர் பாட்டுக் குழுவின் சுற்றுலாப் பேருந்தில், ஊரிலிருந்து இருநூறு கிலோமீட்டர் தள்ளி, எல்க்கேயின் தோளில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.