உத்திராடம், அர்த்தநாரி

எழுபத்து நாலாம் வருசம் ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, தான் இருக்கிறோமா இல்லையா என்ற சந்தேகம் அர்த்தநாரிக்கு வந்தது.

காரணம், கேரள எல்லையோரத்துக் கோவிந்தாபுரம் சத்திரத்தில் வந்து தங்கியிருந்த ஒரு சாமியார். "நான், நான்னு சொல்றியே, அந்த நான் எங்கே இருக்குன்னு தேடிப் பார். கிடைக்கலேன்னா நீ இல்லைன்னு அர்த்தம்" என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டார். கேட்ட மற்றவர்கள் சுண்டலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். நம்மவர் தேட ஆரம்பித்துவிட்டார்.

ஐந்து ஏக்கர் நிலக்கடலை, பம்புசெட், ஒரு ஜோடி மாடு என்று குறையில்லாத பிழைப்பு. வேறு கவலை இல்லாத மனிதரிடம் இந்தக் கவலை வசதியாக ஒட்டிக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை வண்டியில் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டார். மாடுகள் தாமாகவே வீடு வந்து சேர்ந்தன. டீக்கடையில் அரை மணி நேரம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். ஏன் பேசவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை.

புதன்கிழமை சாப்பிடும்போது மனைவியிடம் கேட்டேவிட்டார்.

"ஏம்புள்ள, நான் இருக்கறனா?"

ராசம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இல்லாமயா மூணாந்தரஞ் சோறு போடறனுங்க?"

"அது வயித்துக்குப் போகுது. நான் வயிறு இல்லையாமா. சாமியார் சொல்றாரு."

"அப்ப ரசம் ஊத்தட்டுங்களா, வேண்டாங்களா?"

ஊற்றச் சொன்னார். மனசு மட்டும் ஆறவில்லை.

அன்றைக்குத்தான் இன்னொன்றும் உறைத்தது. தன் பேரைச் சொல்லி யாருமே கூப்பிடுவதில்லை. ராசம்மாளுக்கு அவர் 'ஏனுங்க'. புருசன் பேரை வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் அவள். பிள்ளைகளுக்கு அப்பா, பண்ணையாளுக்குப் பண்ணாடி, ஊருக்குக் கடலைத் தோட்டத்துக்காரர். அர்த்தநாரி என்று கடைசியாகக் கூப்பிட்ட ஆத்தாள் போய்ச் சேர்ந்தே பதினெட்டு வருசம் ஆகிறது. கூப்பிட ஆளில்லாத பேர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

ஒரு முடிவுக்கு வந்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் சாமியார் பஸ் ஏறி வடக்கே போகிறார். அதற்குள் ஒரே ஒரு ஆளாவது அர்த்தநாரி என்று சொல்லிவிட்டால் வீட்டோடு இருப்பது. இல்லையென்றால், இல்லாத ஆளுக்கு வீடு எதற்கு, சாமியாரோடு போய்விடுவது.

வியாழக்கிழமை யாரும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ராசம்மாள் தலைக்குக் குளித்து, பூ வைத்து, பக்கத்துத் தோட்டத்து முத்தாத்தாளையும் கூட்டிக்கொண்டு பகவதி கோயிலுக்குக் கிளம்பினாள். வாரம் தவறாமல் நடக்கிற கூத்து.

"மோர் அடுப்படியில இருக்குதுங்க" என்றதோடு சரி.

அர்த்தநாரிக்குச் சுருக்கென்றது. இங்கே ஒருத்தன் சந்நியாசம் போக நிற்கிறான், இவளுக்குக் கோயிலும் பேச்சுத்துணையும் கேட்கிறது.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சத்திரத்துக்கு நடந்தார். வழியில்தான் கோயில். பகவதியிடமாவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்று, சட்டையைக் கழற்றிக் கையில் பிடித்தபடி உள்ளே போனார். பிரசாதத்துக்காக ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள்.

பூசை செய்கிற நம்பூதிரி பிரசாத இலைத்துண்டை நீட்டி, சீட்டைப் பார்த்துக் கூப்பிட்டார். "உத்திராடம், அர்த்தநாரி."

அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மறுகணமே முகம் தொங்கிப்போயிற்று. இதே பேரில், இதே நட்சத்திரத்தில், நிஜமாகவே இருக்கிற அர்த்தநாரி வேறு ஒருத்தன் இருக்கிறான் போல. அவனுக்காக வேண்டிக்கொள்ள ஆளும் இருக்கிறது. கொடுத்து வைத்தவன்.

கை நீட்டிப் பிரசாதத்தை வாங்கியது முத்தாத்தாள்.

"அது யாருது முத்தாத்தா?" என்றார் அர்த்தநாரி, அவளை ஒதுக்குப்புறமாக நிறுத்தி.

"உங்களுதுதானுங்க மாமா. இங்க சீட்டு எழுதறவரு பேரு கேப்பாருங்கல்ல? அக்கா உங்க பேரைச் சொல்லமாட்டாங்க. அதைச் சொல்றதுக்குத்தான் வாராவாரம் என்னையக் கூட்டிட்டு வர்றாங்க."

"எத்தனை நாளா?"

"உங்காத்தா தவறுனதுலருந்துங்க. இனி அவரு பேரைச் சொல்ல ஒரு வாயில்லையேன்னு அன்னைக்கு அக்கா அழுதாங்க. அந்த வெள்ளிக்கெழமை ஆரம்பிச்சது."

அர்த்தநாரி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாமியார் அவர்பாட்டுக்குப் போகட்டும். பதினெட்டு வருசமாக, ஒரு வெள்ளிகூட விடாமல், தான் இருந்திருக்கிறோம். வயிறு நிறைந்தாற்போல இருந்தது அவருக்கு.

அந்தச் சந்தோசத்தில் நேரே சீட்டு எழுதுகிறவரிடம் போனார்.

"என்ற ஊட்டுக்காரிக்கு ஒரு புஷ்பாஞ்சலி."

"பேரு?"

"ராசம்மாள்."

"நாளு?"

மலையாளத்துப் பக்கம் நாள் என்றால் நட்சத்திரம். அர்த்தநாரி விழித்தார். இருபத்தாறு வருசம் சேர்ந்து குடும்பம் நடத்தியாகிவிட்டது. செவலைக் காளை பிறந்த நாளைக் கேட்டிருந்தால்கூடச் சட்டென்று சொல்லியிருப்பார்.

நல்லவேளையாக ராசம்மாள் பிரகாரத்தைச் சுற்றிக்கொண்டு எதிரே வந்தாள். அவளிடமே கேட்டுவிடலாம் என்று, வாய்வரை வந்த 'ஏம்புள்ள'யை விழுங்கிவிட்டு, வாய் நிறையக் கூப்பிட்டார்.

"ராசம்மா."

ராசம்மாள் நின்றாள். யாரைக் கூப்பிடுகிறார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள்.