ஆதரவாக ஒரே ஒரு குரல்

இன்னொரு தடவை அந்தப் பதிவைப் போட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள். துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு, நகரசபைக் கூடத்தின் கடைசித் தூணோடு ஒட்டி நின்றாள் அவள்.

ஒலிபெருக்கியில் முதல் தடவை வந்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதில் அவள் குரல் இருந்தது. நல்லவேளை, இதுவரை யாருக்கும் பிடிபடவில்லை.

டயர் கம்பெனியை மூடி ஊரே கையைப் பிசைந்துகொண்டிருக்கும் நேரத்தில், நகரசபைத் தலைவரும் உறுப்பினர்களும் தங்கள் சம்பளத்தை ஒன்றரை மடங்காக்கிக்கொள்ளக் கிளம்பினார்கள். அதற்கு முன்னால் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்பது விதி. போனில் கூப்பிட்டு, பேர் சொல்லாமலே பேசிப் பதிவு செய்யலாம். ஆதரவாக ஒருவர்கூடப் பேசவில்லையென்றால் தீர்மானத்தை வாக்கெடுப்புக்கே எடுக்க முடியாது.

ஊரே கூப்பிட்டுத் திட்டித் தீர்த்தது. ஆனால் ஒரே ஒரு குரல் ஆதரவாக வந்திருந்தது. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு, கண் மூடித் திறப்பதற்குள் தீர்மானத்தை நிறைவேற்றிவிட்டுத் தலைவர் பின்வாசல் வழியாக நழுவிவிட்டார். மாட்டிக்கொண்டது குமாஸ்தாதான். அந்தக் குரலைப் போட்டுக் காட்டு என்று கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டது.

கைக்குட்டையால் மூடிக்கொண்டு பேசிய மாதிரி ஒரு கரகரப்பு. ஆணா பெண்ணா என்றே தெரியவில்லை. "தலைவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கு. நாலு காசு கூடக் குடுத்தா ஒண்ணும் குடி முழுகிடாது. நான் ஆதரிக்கிறேன்."

கூடத்தில் செருப்பைக் கழற்றாத கால் இல்லை. எல்லோரையும் முந்திக்கொண்டு மேஜைமேல் ஏறியது அவள் அப்பா. கம்பெனியில் கிரேன் ஓட்டியவர். வேலை போனதிலிருந்து மறியல், ஊர்வலம் எல்லாவற்றுக்கும் அவர்தான் முன்னால் நிற்பார். பேசினது யாரென்று தெரிந்தால் அந்த வீட்டு வாசலை ஒருத்தரும் மிதிக்கக் கூடாது, கடைக்காரர்கள் ஒரு தீப்பெட்டிகூடத் தரக் கூடாது என்றார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

"என்ன ரேடியோ, இன்னைக்கு வாயே திறக்கல?" பக்கத்து வீட்டு அத்தை விலாவில் இடித்தாள். பாடத்தைக் கத்திப் படித்தால்தான் அவளுக்கு மண்டையில் ஏறும். அதற்காகத் தெரு வைத்த பேர். தொண்டை வலி என்று சைகை காட்டினாள்.

வீட்டுக்கு ஓடிவிடலாம் என்றால் சாவி அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது. அம்மா வெளியூர் ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குப் போன பிறகு வீட்டில் அவர்கள் இரண்டே பேர். கம்பெனி மூடியதிலிருந்து ஒரு ஈ காக்கைகூட அந்தப் பக்கம் வந்ததில்லை. கைமாற்றுக் கேட்டுவிடுவாரோ என்று சொந்த மாமாவே எதிர்ச் சாரியில் நடக்கிறார். எங்கேயோ ஒரு குப்பை லாரி ஓட்டும் வேலை கைக்கு வந்த மாதிரிதான், அம்மாவைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று அப்பா நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கே என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

"அது பொம்பளைக் குரல்யா," என்றார் அப்பா.

சொன்னதுதான் தாமதம், எல்லோர் கண்ணும் ஜெராக்ஸ் கடை அக்காமேல் திரும்பியது. அக்காவின் தம்பி தலைவருக்குக் கார் ஓட்டுகிறான். வேறு சாட்சி எதற்கு? யாரோ தோளைப் பிடித்துத் தள்ளினார்கள். மூக்குக் கண்ணாடி கீழே விழுந்து மிதிபட்டது. கடையைக் கொளுத்தினால்தான் புத்தி வரும் என்று பின்னாலிருந்து ஒருத்தன் சொன்னான். வேண்டாம் என்று சொல்ல ஆளில்லை.

அக்கா அழவில்லை. "என் குரலா இருந்தா தாராளமா கொளுத்துங்க. இன்னொரு தடவை நல்லா சத்தமா போடச் சொல்லுங்க."

கேட்டது போதும், நேரே கடைக்குப் போவோம் என்றார் அப்பா. ஆனால் குமாஸ்தா தன் தலை தப்பினால் போதும் என்று ஒலியைக் கடைசிவரைக்கும் திருகி விட்டுவிட்டார்.

இந்தத் தடவை அந்தக் கரகரப்புக்குப் பின்னால் இன்னொன்றும் கேட்டது. தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து வருகிற மாதிரி, ராகம் போட்டு, மூச்சு விடாமல் ஒரு பெண்பிள்ளை இதயப் பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். "வலது ஆரிக்கிள், வலது வென்ட்ரிக்கிள், இடது ஆரிக்கிள்..."

பக்கத்து வீட்டு அத்தை அவளை விட்டு ஓரடி தள்ளி நின்றுகொண்டாள்.

"இது நம்ம ரேடியோ இல்ல?"

தூணுக்கும் மேஜைக்கும் நடுவில் நின்றவர்கள் தானாக விலகினார்கள். அக்காவைப் பிடித்திருந்த கைகள் விட்டன. அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. மெதுவாக மேஜையை விட்டு இறங்கி வந்து, அவளுடைய இரண்டு தோளையும் பிடித்தார். விரல்கள் அழுந்தின, கண்கள் கெஞ்சின. குரல் மட்டும் கூட்டத்துக்கே கேட்கும்படி வந்தது.

"பயப்படாம சொல்லும்மா. அன்னைக்கு நம்ம வீட்டுக்கு வந்து போன் பேசிட்டுப் போனது யாரு?"