நூற்றுப்பத்து வாளி

புயல் வரவில்லை. அதுதான் வினையாகிப் போயிற்று.

மலைமேல் பள்ளிக்கூடத்தில் குடும்பத்தோடு அடைந்து கிடந்துவிட்டு, காலையில் எரிபெர்ட்டோ தெருவுக்குத் திரும்பினால், ஒரு தகரம்கூடப் பறந்திருக்கவில்லை. மாமரத்தில் மாங்காய்கள் அப்படியே தொங்கின. ரேடியோக்காரன் இரண்டு நாளாகத் தொண்டை கிழியக் கத்திய புயல், கடைசி நேரத்தில் வடக்கே திரும்பிக் கடலுக்குள் போய்விட்டதாம்.

வண்டியை நிறுத்தியதும் அவன் வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. நேரே கொல்லைக்கு நடந்தான்.

"ஜன்னலுக்கு ரெண்டு பலகை அடிய்யான்னு கெஞ்சினேன். அதுக்கு நேரமில்ல இந்த மனுஷனுக்கு. காலை முழுக்கப் படகுக்குத் தொட்டில் கட்டிக்கிட்டிருந்தான்!" அவன் மனைவி மிக்தாலியா தன் அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டே தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

சொல்லட்டும். தொட்டில்தான். இரண்டு வருஷம் ஒட்டுப்பலகையை இழைத்து இழைத்து அவன் கட்டிய பாய்மரப் படகு அது. இன்னும் தண்ணீரையே தொடவில்லை. ஒன்பது நாளில் கார்மென் மாதா திருவிழா, அன்றைக்குப் பந்தயம். ஆறு வருஷமாக அதில் ஜெயிப்பவன் பக்கத்து வீட்டு செவெரோ, மிக்தாலியாவின் அண்ணன். இந்த வருஷம் அவன் கொட்டத்தை அடக்கிவிட வேண்டும். எரிபெர்ட்டோவுக்கு வேறு ஆசையே இல்லை.

டிரெய்லரில் படகை நிறுத்துவதில் அவனை மிஞ்ச அந்தக் கரையிலேயே ஆள் கிடையாது. எடை முழுவதும் படகின் முதுகெலும்பான அடிக்கட்டையின் வழியாக உருளைகள் மேல் இறங்க வேண்டும். பக்கத் தாங்கல்கள் படகைச் சாயாமல் பார்த்துக்கொண்டால் போதும், சுமக்கக் கூடாது. கம்பளம் சுற்றிய தாங்கலுக்கும் படகுக்கும் நடுவே ஒரு தாள் நுழைய வேண்டும், இரண்டு தாள் நுழையக் கூடாது. நேற்று நிஜமாகவே தாளை விட்டுத்தான் பார்த்தான். மழைநீர் வடியட்டும் என்று மூக்கைத் தூக்கி வைத்தான், அடியில் இருந்த அடைப்பானைக் கழற்றினான், நான்கு பெல்ட்டுகளால் தரையோடு கட்டிப் படுதாவைப் போர்த்தினான். அப்புறம்தான் கிளம்பினான்.

கட்டு எதுவும் தளர்ந்திருக்கவில்லை. சிரித்துக்கொண்டே படுதாவைத் தூக்கினான்.

இடது தாங்கல் படகின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு உள்ளே ஒரு முழம் ஏறியிருந்தது.

அவனுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. குனிந்தான். கீழே மண் சேறாகக் கிடந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். உப்பு.

வானத்திலிருந்து உப்புத் தண்ணீர் பெய்யாது. யாரோ கடல் தண்ணீரைக் கொண்டுவந்து படகு நிறைய ஊற்றியிருக்கிறார்கள். அந்தப் பாரம் தாங்காமல்தான் பலகை உட்கார்ந்து, தாங்கல் மேலே வந்திருக்கிறது. ஊர் முழுக்க மலைக்கு ஓடியபோது, வரமாட்டேன் என்று தெருவிலேயே தங்கியவன் ஒரே ஒருத்தன்.

ஆறு வருஷம் ஜெயித்தது பத்தவில்லையா பாவிக்கு! எரிபெர்ட்டோவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சேற்றில் கிடந்த கட்டையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

வேலிக்கு அந்தப் பக்கம் செவெரோ கொட்டாவி விட்டபடி வந்தான். இரண்டு உள்ளங்கையிலும் கிழிந்த துணி சுற்றியிருந்தது.

"வந்துட்டியா மாப்ளே? அறிவிருக்கா உனக்கு? அவ்வளவு பெரிய காத்து வருதுங்கிறான், படகைக் காலியா விட்டுட்டா போவாங்க? இறகு மாதிரி தூக்கிக்கிட்டுப் போயிருக்கும். தண்ணி நிரப்பி வச்சாத்தானே கனத்துக்கு நிக்கும்!"

எரிபெர்ட்டோ கட்டையைத் தாழ்த்தினான்.

"குழாயிலயும் தண்ணி வரல. கடல்ல இருந்து மொண்டு மொண்டு ஊத்தினேன். நீ பாட்டுக்கு அடைப்பானைக் கழற்றிட்டுப் போயிருக்க, மடையா! இருபது வாளி ஊத்தினப்புறம்தான் காலு நனையுதேன்னு பார்க்கறேன். அப்புறம் ஒரு கட்டையைச் சீவி அடைச்சு, மறுபடி முதல்லேருந்து. நூத்திப்பத்து வாளி. பொழுது சாஞ்சிருச்சு. படுதாவை மூடிட்டுப் போய் விழுந்தவன் இப்பத்தான் எந்திரிக்கிறேன்."

எரிபெர்ட்டோவின் கையிலிருந்த கட்டை நழுவிச் சேற்றில் விழுந்தது.

"உன்னோட படகுக்கு எத்தனை வாளி?" என்று மட்டும் கேட்டான்.

"அதுக்கு ஏது நேரம்? போனா போகட்டும்னு விட்டுட்டேன்." செவெரோ புண்ணான கையால் தலையைச் சொறிந்தான். "நீ ரெண்டு வருஷம் உசிரைக் கொடுத்துக் கட்டினது. அது போயிருச்சுன்னா மாதா திருவிழாவுல நான் யாரைத் தோற்கடிக்கிறது?"

வேலிக்கு அந்தப் பக்கம் செவெரோவின் படகு பழைய டயர்கள் மேல் கோணலாகச் சாய்ந்து கிடந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

"உன் படகு எப்படி? நல்லா நிக்குதில்ல?" செவெரோ வேலியைத் தாண்டக் காலைத் தூக்கினான்.

எரிபெர்ட்டோ சட்டென்று படுதாவைத் தரைவரைக்கும் இழுத்துவிட்டு அதன் முன்னால் நின்றுகொண்டான்.

"நிக்குது. ரொம்ப நன்றி மச்சான்," என்றான்.