பயிற்சிக்கு வராதவள்

சந்திரலேகா மேல்முறையீட்டு மனுவை மேஜைமேல் வைத்தாள்.

"வெள்ள மீட்புப் பயிற்சிக்கு மூணு நாளும் நீ வரல. ஊர்க்காவல் படையிலேருந்து நீக்கினது சரிதான்" என்றார் அதிகாரி, மனுவைப் பிரித்தே பார்க்காமல்.

"அந்த மூணு நாளும் எங்க ஊர் நெடுங்காட்டுல நிஜ வெள்ளம் சார். இடுப்பளவு தண்ணியில நின்னு சனங்களைக் கரையேத்திக்கிட்டிருந்தேன்."

"அதுக்கு ஆர்டர் இருந்துச்சா? ஆதாரம் இருக்கா?"

"ஊரே முழுகிக் கிடந்தப்ப நீங்க மட்டும் எந்த மைதானத்துல சார் பயிற்சி நடத்துனீங்க?"

அதிகாரிக்குச் சுருக்கென்றது. சுவரில் மாட்டியிருந்த புகைப்படத்தைக் காட்டினார். "கண்ணு தெரியலையா? மேலிடமே பாராட்டுன பயிற்சி!"

படத்தில் மழைக்கோட்டும் தொப்பியும் போட்ட ஒருத்தி, நிறைமாதக் கர்ப்பிணியை இரு கைகளிலும் ஏந்தித் தண்ணீரில் நடந்து வந்தாள்.

"எவ்வளவு தத்ரூபமா நடிச்சிருக்காங்க பாரு. நீயும்தான் இருக்கியே, பயிற்சிப் பக்கமே வராம!"

சந்திரலேகா படத்தைக் கழற்றி அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அவ நடிக்கல சார், அன்னைக்கே பிள்ளை பெத்தா. இது எங்க ஊர்க்காரங்க எடுத்த படம். மழைத் தொப்பிக்குள்ள இருக்கிற மூஞ்சியை நல்லாப் பாருங்க. அது நான்தான்!"