மேனேஜர் அறை நாற்காலி

கோகிலவாணியின் உடம்பு, நெருக்கடியைத் தாங்கவைக்கும் கார்டிசோல் ஹார்மோனைச் சுரக்காது. காய்ச்சலோ பயமோ கோபமோ வந்தால், அவள் வேலை பார்க்கும் பனியன் கம்பெனி அவள் இடுப்பில் மாட்டிவிட்ட கருவிதான் பார்த்து மருந்தை ஏற்றும். ஏற்றாவிட்டால் நின்ற இடத்திலேயே மயங்கி விழுவாள்.

கூட வேலை பார்த்த, மாசமாக இருந்த சுகந்தியை அன்றைக்கு வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். நியாயம் கேட்க அவளையும் கூட்டிக்கொண்டு போனாள் கோகிலவாணி. சுகந்தி வாசலிலேயே நின்றுகொண்டாள். மேனேஜர் முன்னால் கோகிலவாணி வாயைத் திறக்கும் முன்பே கருவி பேசிவிட்டது.

"இது கோபம். கூடுதல் மருந்து இதயத்துக்கு ஆபத்து. அனுமதி இல்லை."

"அதுவே சொல்லுதில்ல, போ கண்ணு. ஹார்ட்டுதான் முக்கியம்" என்றார் மேனேஜர்.

"போன வாரம் பூரா ஓவர்டைம் பார்த்தேனுங்க. கேக்காமயே மருந்து ஏத்துச்சு. அப்ப எனக்கு ஹார்ட்டு இல்லீங்களா?"

மருந்து ஏறாமல் அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

அந்த அறையில் தொழிலாளிகள் நின்றுதான் பேசுவார்கள். நாற்காலி, சரக்கு பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு. கோகிலவாணி அதை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கிறுகிறுப்பு மெல்ல அடங்கியது.

"நின்னாத்தானுங்க மயக்கம் வரும். உக்காந்தே பேசலாம்" என்றாள் நிதானமாக. "சுகந்திக்கும் ஒரு சேர் போடச் சொல்லுங்க."