பிளேன் ஏறுமட்டும்

“நாங்கள் ஒரு இடமும் போகேல்லை” என்று சொல்லி முடித்த தன் வாயைக் கம்ஷிகா கையால் பொத்தினாள்.

மறுமுனையில் அந்தப் பெண் “சரி, நன்றி” என்று வைத்துவிட்டாள்.

கொழும்பு இலக்கம். திருப்பி எடுத்தாள். இந்த இலக்கத்துக்கு எடுக்க முடியாது என்று பதிவுக்குரல் ஒன்று சிங்களத்தில் தொடங்கியது. மறுபடி எடுத்தாள். அதே குரல்.

கிணற்றடியில் அப்பா வாளி போடும் சத்தம் கேட்டது. போனைக் கதிரையில் வைத்துவிட்டு, ஆரும் எடுத்தால் கதை பிள்ளை என்று சொல்லிவிட்டுத்தான் குளிக்கப் போயிருந்தார்.

அம்மா லண்டனில் கலாநிதிப் படிப்புப் படிக்கிறார். அப்படிப் படிக்கிறவர்களின் குடும்பத்துக்கும் விசா உண்டு. கடதாசிகள் எல்லாம் கொடுத்தாயிற்று. முடிவுக்கு முன்னால் சிலவேளை போன் எடுத்து விசாரிப்பார்கள் என்று முகவர் சொல்லியிருந்தார்.

ஊரில் ஒருத்தருக்கும் இது தெரியாது. சித்தப்பாவின் கனடா அலுவல் சரிவந்த மாதிரித்தான் என்று கோயிலில் பொங்கிப் படைத்து எல்லாருக்கும் சொல்லி, அடுத்த கிழமை விசா இல்லையென்று வந்ததிலிருந்து அம்மாவுக்குக் கண்ணூறு என்றால் நடுக்கம். போகிற அன்றைக்குக் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினார்.

“பிளேன் ஏறுமட்டும் மூச்சு விடக்கூடாது. ஆர் கேட்டாலும், அம்மா கொழும்பில ட்ரெய்னிங்.”

அவர்கள் இருக்கிற உட்துறைமுக வீதியில் அதைக் காப்பாற்றுவது லேசான காரியமா? பக்கத்து வீட்டுச் சோபனா அன்ரி போன மாதம் தன் மருமகளைக் கொண்டு, வங்கியிலிருந்து கதைக்கிற மாதிரிப் போன் எடுத்து விசாரித்தார். பின்னால் அன்ரியின் கிளி கத்தியதில்தான் பிடிபட்டது.

அதனால்தான் இன்றைக்கு, விசா அலுவலகத்திலிருந்து கதைக்கிறோம் என்று அந்தக் குழைந்த குரல் சொன்னதும் கம்ஷிகாவுக்குச் சிரிப்பு வந்தது. அம்மா கொழும்பில ட்ரெய்னிங், நாங்கள் ஒரு இடமும் போகேல்லை என்று ஒப்புவித்துவிட்டு, கிளிக்குக் காது கொடுத்தாள்.

கிளி கத்தவில்லை.

ஊருக்குள் திரிகிற மான்களில் ஒன்று கேற்றடியில் வந்து நின்றது. தம்பி சஞ்சீவன் வாழைப்பழத் தோலை நீட்டியபடி, திரும்பாமலே கேட்டான்.

“அக்கா, லண்டனிலயும் மான் ரோட்டில நிக்குமோ?”

அவனுக்கு ஏழு வயது. அம்மா வீட்டில் உடுத்திய சோட்டியை முகத்தில் போட்டுக்கொண்டுதான் இன்னும் படுக்கிறான். மணம் போய்விடும் என்று தோய்க்க விடுவதில்லை.

அப்பா ஈரத்தலையோடு வந்தார். போனில் கொழும்பு இலக்கத்தைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

“என்ன சொன்னனீ?”

சொன்னாள்.

அப்பா கதிரையில் அப்படியே இருந்துவிட்டார். துறைமுகத்தில் கப்பல் ஒன்று ஊதியது.

“உன்னில பிழை இல்லை. நாங்கள் பழக்கினது” என்றார். “போன் எடுத்த அந்தப் பிள்ளை எங்கட பேர் ஒண்டும் சொல்லேல்லையோ? சோபனாவுக்கு என்ர முழுப்பேர் தெரியாதே.”

கம்ஷிகா நிலத்தைப் பார்த்தாள்.

அந்தப் பெண் சொன்னாள்தான். முதலெழுத்துகளோடு, அச்சுப் பிசகாமல், விண்ணப்பத்தில் இருந்தபடியே வாசித்தாள். அப்பாவின் பெயர். பிறகு தம்பியின் பெயர்.

கம்ஷிகா மூன்றாவது பெயருக்குக் காத்திருந்தாள். வராது என்று தெரிந்தும் காத்திருந்தாள்.

பிள்ளையின் சோதனை முடியட்டும், எல்லாரும் ஒன்றாய்ப் போவோம் என்று விண்ணப்பத்தைப் பிற்போட்டது அப்பாதான். உயர்தரச் சோதனை நடந்த கிழமை அவளுக்குப் பதினெட்டு ஆனது. பதினெட்டு ஆனவள் அந்த நாட்டின் கணக்கில் பிள்ளை இல்லை என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. அலுமாரிக்கு மேலே இருக்கிற புதுப் பெட்டிகள் இரண்டு. அவளுக்குக் கப்பல்துறையில் மாமி வீட்டில் ஒரு கட்டில் ஒதுக்கியிருக்கிறது.

“இவை ரெண்டு பேரும் போகேல்லையா? நிச்சயமா?” என்று அந்தப் பெண் மறுபடி கேட்டாள். குரலில் குழைவு இல்லை. பொறுமை இருந்தது.

அதற்குப் பிறகுதான் கம்ஷிகா இரண்டாம் தரமும் “நாங்கள் ஒரு இடமும் போகேல்லை” என்றாள்.

“ஆரெண்டு தெரியாமத்தானே பிள்ளை சொன்னனீ?”

அப்பா கெஞ்சுகிற மாதிரிக் கேட்டார்.

கேற்றடியில் தம்பி மானின் காதுக்குக் கிட்டக் குனிந்து, “நாங்கள் லண்டன் போறம், ஒருத்தருக்கும் சொல்லிப்போடாத” என்று குசுகுசுத்துக்கொண்டிருந்தான்.

முதல் தரம் அவள் சோபனா அன்ரிக்குத்தான் சொன்னாள்.

இரண்டாம் தரம் ஆருக்குச் சொன்னாள்?